காலியாக வரும் டப்பா

ஜூன் 9, திங்கள்

எதிர்ச்சுவருக்கு அப்பால் பள்ளியின் மதியக் கூச்சல் எழும்போதுதான் இந்த வீட்டில் கடிகாரம் சரிபார்க்கப்படுகிறது. அது ஓயும்வரை தங்கையும் நானும் சாப்பிட உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காது. அதில் பெரிய நஷ்டம் இருப்பதாகவும் சொல்ல முடியாது.

மாலையில் பள்ளியின் தலைமை ஆசிரியை வந்தாள். கல்லூரியில் என்னிடம் உயிர்வேதியியல் படித்தவள். அப்போதே வகுப்பு முடியச் சற்று முன்னால் பையை மூடிவிட்டு வாசலைப் பார்ப்பாள். கூடப் படித்த பெண்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. உயரமும் அதற்குத் தோது.

"மேடம், நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்றாள். எழுபத்தாறு வயதுக்காரியிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் இது முதலாவது.

விஷயம் இது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வாரம் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். ரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கூட்டத்தில் அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். எங்கள் பால்கனியிலிருந்து நானும் அதைப் பார்த்திருக்கிறேன்: நிற்கும் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. மற்ற பெற்றோர்கள் முணுமுணுக்கத் தொடங்கவே, நான்காம் வகுப்புக்கு வியாழன்தோறும் நல்ல உணவைப் பற்றி ஒரு வகுப்பு வைக்க முடிவாகியிருக்கிறது. ஜூலைக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அதற்குள் பலன் தெரியாவிட்டால் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும். கணக்கு ஆசிரியர் இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறாராம்.

ஒப்புக்கொண்டேன். சும்மா இருப்பதற்கு வேண்டிய திறமை எனக்கு எந்நாளும் வாய்த்ததில்லை.

"சாப்பாட்டைப் பத்தி நீ பாடம் எடுக்கப் போறியாக்கா? நேத்து ராத்திரி நீ தின்னது ரெண்டு பிஸ்கட்டு" என்றாள் தங்கை.

ஜூன் 12, வியாழன்

முதல் வகுப்பு. படங்கள், அட்டைகள், கோபுரம்போல் அடுக்கிய உணவு வகைகள் என்று கல்யாணச் சீர்போல் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒருவன் எழுந்து, "மிஸ், உங்க பல்லு ஒரிஜினலா?" என்றான்.

"பாதி. மீதியை இனிப்பு தின்றுவிட்டது."

கல்லூரியில் நான் நிகழ்த்திய எந்த விரிவுரைக்கும் இத்தனை ஆழ்ந்த மௌனம் கிடைத்ததில்லை.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று கரும்பலகையில் எழுதி, மெல்லுவதின் நன்மைகளை விளக்கினேன். மயங்கி விழுந்த பெண் கடைசி வரிசையில் இருந்தாள். வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். "எல்லாத்துலயும் லேட்டு மிஸ்" என்று பக்கத்தில் இருந்தவள் எனக்கு அறிமுகம் செய்தாள். ஆமை மறுக்கவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், மறுப்பதானால் அது முடிந்த பிறகுதான்.

ஜூன் 19, வியாழன்

வாய்மொழித் தேர்வு வைத்தேன். இரும்பு எதில், சுண்ணாம்பு எதில், சர்க்கரை கூடினால் என்ன ஆகும் — எல்லாவற்றுக்கும் கூரை பிய்ந்துவிடும்படி பதில் வந்தது. ஒருவரும் தவறவில்லை.

எனக்குத் தலை சற்றுக் கனத்துவிட்டது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். அடுத்த வாரம் முதல் சாப்பாட்டு டப்பாக்களைச் சோதித்து, காய்கறி இருக்கும் டப்பாவுக்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவதாக அறிவித்தேன்.

ஜூன் 26, வியாழன்

மதிய மணிக்கு முன் சோதனையைத் தொடங்கினேன். முதல் வரிசையில் எல்லா டப்பாக்களிலும் கேரட். இரண்டாம் வரிசையிலும் கேரட். நாட்டில் கேரட்டுக்கு இத்தனை செல்வாக்கு எப்போது வந்தது என்று வியந்துகொண்டே மூன்றாம் வரிசைக்குப் போனபோதுதான் அந்தத் துண்டைப் பார்த்தேன். ஒரு முனையில் கடித்த தடம். நடுவில் ஒரு பல் இல்லாத வாய் கடித்த தடம். அதை நான் முதல் வரிசையிலேயே பார்த்திருந்தேன்.

பெஞ்சுகளுக்கு அடியில் கேரட் என்னைவிட வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று ஒரு வரிசை பின்னால் போனேன். கேரட் குழம்பி, தரையில் விழுந்து உருண்டது.

"இது யாருடையது?"

பெரிய படைக்கே உரிய கட்டுப்பாட்டோடு அனைவரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்: "எல்லாருதும்தான் மிஸ்."

கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, தேதியை அழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். அவர்கள் எதிரில் சிரிக்கக்கூடாது.

ஆமையின் டப்பாவில் மட்டும் கேரட் இல்லை. சோறு, அவித்த முட்டை, பீன்ஸ். பீன்ஸைச் சாய்வாக, சீராக, தைக்கப் போகும் துணியை வெட்டியதுபோல் நறுக்கியிருந்தது. தாய் தையற்காரியாம்.

"உனக்குக் கேரட் வரலையா?" என்றேன்.

"வர்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க மிஸ்."

இங்கே ஒன்று இடிக்கிறது. அந்த டப்பாவில் குறைசொல்ல எதுவுமில்லை. தினமும் காலியாகத்தான் வீட்டுக்குப் போகிறதென்று வகுப்பாசிரியை சொல்கிறாள். அப்படியானால் இந்தப் பெண் தின்னும் இரும்பு எங்கே போகிறது?

ஜூன் 27, வெள்ளி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நானோ அந்தச் சுரைக்காய்க்குத் தங்க நட்சத்திரம் வேறு ஒட்டப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று பாடம் நடத்தவில்லை. மதிய மணி அடித்த பிறகும் வீட்டுக்கு வராமல், பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முழங்கால் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் சாப்பாடு, பிறகு மைதானம். நடுவே வகுப்பு வாசலில் விளையாட்டு ஆசிரியர் நிற்கிறார். பிள்ளைகளிடம் அவருக்குப் பெயர் விசில். தூங்கும்போதும் அது அவர் கழுத்தில்தான் இருக்கும் என்கிறார்கள். டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். காலியாக இருந்தால்தான் வெளியே விடுவார். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். மைதானத்தில் உருப்படியான பந்து ஒன்றே ஒன்று. முதலில் போகிறவர்கள் அணி பிரித்துக்கொள்வார்கள். தாமதமாகப் போகிறவர்கள் சுவரோரம் நின்று கை தட்டலாம்.

மென்று தின்ன வேண்டாதவை மட்டும் முதலில் வாய்க்குள் போயின. மற்றவற்றோடு ஒவ்வொருவராக, வகுப்பின் பின்மூலையில் இருக்கும் கை கழுவும் இடத்துக்குப் போய்த் திரும்பினார்கள். திரும்பியபோது டப்பாக்கள் காலி. ஆரஞ்சுத் தோலைப் போடும் சாக்கில் நானும் போய், அங்கிருந்த குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தேன்.

பீன்ஸ். கீரை. கேரட். பாதி முட்டை. ஆப்பிள், ஒரே ஒரு கடியோடு. நாற்பது வீடுகளில் விடியற்காலையில் எழுந்து சமைத்ததெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது.

ஆமை அப்போதுதான் வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"பிடிக்கலையா?"

"பிடிக்கும் மிஸ்."

"அப்புறம் ஏன்?"

டப்பாவை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள்: "நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு சொன்னீங்க மிஸ். நான் நொறுங்கத் தின்னு முடிக்கறதுக்குள்ள எல்லாரும் போயிடறாங்க. என்னை யாரும் சேத்துக்க மாட்டாங்க."

 தொட்டியின் மூடியை நானே திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் கொட்டிவிட்டு ஓடினாள்.

இவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. மீதமிருக்கிற பாடம் மணி அடிக்கிறவர்களுக்கு.

ஜூலை 4, வெள்ளி

மணிக்கூண்டின் அறை. விளையாட்டை முன்னால் வை, சாப்பாட்டைப் பின்னால் வை, வாசலில் டப்பா சோதிப்பதை நிறுத்து என்றேன்.

"முதல்ல சாப்பாடு, அப்புறம் விளையாட்டு. எங்கேயும் அப்படித்தானே மேடம்?"

"எங்கேயும் குப்பைத்தொட்டியும் இருக்கிறது."

"பந்திக்கு முந்துன்னுதானே பெரியவங்களே சொல்லியிருக்காங்க?"

"படைக்குப் பிந்து என்றும் சொன்னார்கள். உன் பிள்ளைகளுக்கு மைதானம்தான் படை. அதற்கு முந்துவதற்காகத்தான் பந்தியைக் கொட்டிவிட்டு ஓடுகிறார்கள்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பசியோட ஓடவிட்டு அந்தப் பொண்ணு மறுபடியும் விழுந்தா? என்னைத்தான் கேப்பாங்க, உங்களை இல்ல."

நியாயமான பயம். இரவெல்லாம் எனக்கும் அதே பயம்தான். காலை இடைவேளையில் எல்லோரும் ஒரு பழம் தின்பது கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். தினமும் மதியம் மைதானத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நானே நிற்கிறேன் என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்; எந்த முடிவையும் அதைக் கேட்டுத்தான் எடுப்பாள். "நாலாவது மட்டும். மாசக் கடைசி மீட்டிங் வரைக்கும். அம்மாக்கள் வேண்டாம்னு சொன்னா அன்னைக்கே பழைய மணி. வியாழக்கிழமையும் கணக்குக்குப் போயிடும். சரியா மேடம்?"

சரி.

ஜூலை 7, திங்கள்

அலங்கோலம். நாலாவது மட்டும் தனியாக மைதானத்துக்கு வந்தது. பந்தும் அவர்களுக்கே, மைதானமும் அவர்களுக்கே. அந்தச் சந்தோஷம் தாங்காமல் இருவர் அடித்துக்கொண்டார்கள். பாதியில் ஆமை திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். விசில் ஊதிக்கொண்டே ஓடினார். நான் ஊதாமல் ஓடினேன். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் இரு பக்கமும் நின்றோம். வெகுநேரம் நின்றோம்.

"இது வேலைக்காகாது மேடம்" என்றார் விசில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"உங்களுக்கா, எனக்கா, அவளுக்கா?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனார்.

ஜூலை 8, செவ்வாய்

சேறு. கை கழுவச் சோப்பு போதவில்லை. நாளைக்கு நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்று பார்த்ததை மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன்.

ஓடிக் களைத்து, கழுவிய கைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். பசி. உண்மையான பசி, எதையும் எதிர்த்துப் பேசாத பசி. பக்கத்து டப்பாவிலிருந்து கீரையைக் கேட்டு வாங்கித் தின்ற ஒருவன், "உங்கம்மா இதுல என்னடா போடுறாங்க?" என்று விசாரித்தான். முடித்தவர்களுக்குப் போக இடமில்லாததால் அங்கேயே சாய்ந்துகொண்டு கதை பேசினார்கள். ஆமை சுற்றிலும் ஆட்கள் இருக்க, நடுவில் உட்கார்ந்து மென்றுகொண்டே இருந்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. மணி அடித்தபோது டப்பாவில் கொஞ்சம் மீதி.

"இதை என்ன பண்றது மிஸ்?"

பழைய வழக்கம், கண் தானாகக் குப்பைத்தொட்டியைத் தேடியது. "வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. இனிமேல் யாரும் மீதியைக் கொட்டக்கூடாது. எவ்வளவு சாப்பிட்டீர்களென்று அம்மாவுக்குத் தெரியட்டும்" என்றேன், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.

தொட்டியின் அடி தெரிகிறது.

ஜூலை 16, புதன்

அழைப்பு மணியை அழுத்திய விரலை எடுக்காமல் ஒருத்தி நின்றாள். கழுத்தில் அளவு நாடா. கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஆமையின் தாய். மேசைமேல் டப்பாவை வைத்துத் திறந்தாள். சாய்வாக நறுக்கிய பீன்ஸில் நாலைந்து துண்டு, ஒரு பிடி சோறு.

"இது என்னம்மா?"

"மீதி" என்றேன்.

"அது தெரியுதும்மா. ஏன் மீதி? என் பொண்ணு ரெண்டு வருஷமா ஒரு பருக்கை மிச்சம் வெச்சதில்ல. வழிச்சு நக்கின மாதிரி டப்பா வரும். நீங்க வந்தீங்க, மணியை மாத்தினீங்க, இப்பப் பாருங்க. ரத்தம் இல்லைன்னு டாக்டர் சொன்ன பிள்ளையை ஓடவிட்டுக் களைப்பாக்கி, சாப்பிடவிடாம அனுப்புறீங்க!"

தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் குடிக்கவில்லை.

முன்பு அவள் டப்பா காலியானது வயிற்றுக்குள் அல்ல, குப்பைத்தொட்டிக்குள் என்று எடுத்துச் சொன்னேன். கூடிய மட்டும் மெதுவாகத்தான் சொன்னேன். என்னுடைய மெதுவும் பலருக்கு உறைக்கும் என்று தங்கை பிறகு சொன்னாள்.

"என் பொண்ணு சோத்தைக் கொட்டுறவ இல்ல" என்று எழுந்துவிட்டாள். "பெரியவன் அஞ்சாவது படிக்கிறான். அவன் டப்பாவை வந்து பாருங்க, கழுவி வெச்ச மாதிரி வரும். உங்க வகுப்புல மாட்டல, பொழச்சான்."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். படியில் இறங்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஜூலை 18, வெள்ளி

மணிக்கூண்டு போன் செய்தாள். ஏழெட்டுத் தாய்மார்கள் புகார் சொல்லியிருக்கிறார்களாம். ஒரே புகார்: டப்பா காலியா வரல.

காலியா வரலையாம்! காலியா வந்தப்ப ஒருத்தரும் ஏன்னு கேக்கல. பிள்ளை விழுந்தப்பவும் கேக்கல. இப்ப அரை வயிறு நிறைஞ்சு, மிச்சத்தை மறைக்காம கொண்டுவந்து காட்டுதுங்க, அது குத்தமா? நான் என்னத்தைச் சொல்ல, யார் கிட்டச் சொல்ல — வாயால சொன்னா எடுபடாதுன்னு புதன்கிழமையே பாத்தாச்சு.

சொல்லப் போவதில்லை. காட்டப் போகிறேன்.

ஜூலை 24, வியாழன்

நாளைய கூட்டம் மதிய இடைவேளை முடிந்த கையோடு. இதைவிட நல்ல நேரம் நான் கேட்டாலும் கிடைத்திருக்காது. விசிலிடம் ஓர் உதவி கேட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார். இத்தனை நாளும் மைதானத்தில் என்னோடு சேர்ந்து அந்தப் பெண்ணுக்குக் காவல் நின்றவர், பிறகு, "ரெண்டையுமா மேடம்?" என்றார். ரெண்டையும்தான்.

ஜூலை 25, வெள்ளி

கூடம் நிறைந்திருந்தது. மணிக்கூண்டு வரவேற்றாள், புகார்களைச் சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். தையற்காரி முதல் வரிசையில் இருந்தாள், டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள்.

என் முறை வந்தபோது நான் பேசவில்லை. விசில் இரண்டு குப்பைத்தொட்டிகளை உள்ளே கொண்டுவந்தார். ஒன்றை ஒரு கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். மற்றதை இரு கையாலும் அணைத்துத் தூக்கிவந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசையின்மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில், இரண்டையும் வைக்கச் சொன்னேன்.

"என்ன மேடம் இது!" என்றாள் மணிக்கூண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இன்றைய மதியம். இது நாலாம் வகுப்பு, இது ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் இன்று எல்லா டப்பாவும் காலியாக வீட்டுக்கு வரும். யாரும் எந்தப் பிள்ளையையும் கேட்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். எழுந்து வந்து எட்டிப் பார்த்தால் போதும்."

யாரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு தந்தை, "குப்பையைப் பாக்கவா லீவு போட்டு வந்தோம்?" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சில நொடிகளில் நான் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

தையற்காரிதான் எழுந்தாள். சண்டைக்கு வருகிறவளின் நடையோடு வந்து, முதலில் நாலாவதைப் பார்த்தாள். வாழைப்பழத் தோல், முட்டை ஓடு. பிறகு ஐந்தாவதைப் பார்த்தாள். குனிந்தாள். கையை உள்ளே விட்டாள். விரல்களில் ஒரு கொத்துப் பீன்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்: சாய்வாக, சீராக, ஒரே அளவில்.

"இது நான் நறுக்கினது" என்றாள்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"பெரியவனுக்குக் காலையில கட்டினது. நான்தான் இப்படி நறுக்குவேன்." என்னிடம் சொல்லவில்லை, பீன்ஸிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் எழுந்து வந்தார்கள். தொட்டியைச் சுற்றிப் பெண்களின் தலைகள். "ஐயோ, என் முட்டை!" என்று ஒருத்தி. "இந்த ஆப்பிள் நம்மளுதுங்க" என்று ஒருத்தி, லீவு போட்டு வந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தபடி. எவரெவர் சமையல் எதெது என்று அவரவருக்குத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த விரிவுரை அதுதான்.

தையற்காரி போகும்போது என் எதிரில் நின்றாள். மன்னிப்புக் கேட்கிற ஜாதி அவளும் அல்ல, எதிர்பார்க்கிற ஜாதி நானும் அல்ல. "பெரியவன் வகுப்புக்கு எப்பம்மா மணி மாத்துவீங்க?" என்றாள்.

மணிக்கூண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

தங்கை மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும். "பிஸ்கட்டை ஒளிச்சு வெச்சிருக்கேன், தேடாதே" என்றாள். எங்கே என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று முதல் பள்ளி முழுவதற்கும் புதிய மணி. மூன்று பந்துகள் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்தால் பாதை மாறி நடக்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பீன்ஸைச் சாய்வாக நறுக்கினால் சத்து கூடுமா என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். கூடாது, ஆனால் யார் நறுக்கியது என்று தெரியும் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தையற்காரியைப் பள்ளி வாசலில் பார்த்தேன். மகளின் டப்பாவை அங்கேயே திறந்து எனக்குக் காட்டினாள். "ரெண்டே துண்டு" என்றாள். பிறகு மகனுடையதையும் வாங்கித் திறந்தாள். அதில் பாதி முட்டை இருந்தது. "உனக்கு முட்டை பிடிக்காதாடா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!" என்று அவன் காதைப் பிடித்தாள். பிடி அத்தனை இறுக்கமில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலைக் கூட்டத்தைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். வரிசைகள் நேராக இருந்தன. ஏதோ குறைகிறதே என்று மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகுதான் தெரிந்தது: நாற்காலி இல்லை. ஆமை எங்கே நிற்கிறாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முற்பகலில் தங்கை ஊரிலிருந்து திரும்பினாள். பெட்டியைப் பிரித்து, துணிகளை மடித்து வைத்து, மகள் வீட்டுக் குறைகளை அகர வரிசையில் சொல்லி முடிப்பதற்குள் பன்னிரண்டரை தாண்டிவிட்டது. மைதானம் எப்போது கத்தி, எப்போது ஓய்ந்தது என்று அவள் பேச்சில் எனக்கே தெரியவில்லை. தட்டுகளை எடுத்து வைத்தவள், கையில் கரண்டியோடு அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"என்னக்கா இவ்வளவு அமைதி? ஸ்கூல் லீவா?"

"இல்லை. சாப்பிடுகிறார்கள். நீயும் உட்கார்" என்றேன்.